ஆங்கில 'வெர்பல்ஸ்': எச்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு நடத்துகிறேன். அங்கே படித்த பையன் ஒருவன் புதுச்சேரியில் ஓட்டல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனான். "குடிப்பழக்கம் உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். எப்போதோ இருந்தது, விட்டுவிட்டேன் என்று நேர்மையாகச் சொல்ல நினைத்தவன், 'ஐ ஸ்டாப்டு டு டிரிங்க், சார்' என்று சொல்லிவிட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

அவன் சொல்ல வந்தது, குடிப்பதை நிறுத்திவிட்டேன். சொன்னது, குடிப்பதற்காக வழியில் நின்றேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன் வேறு. புதுச்சேரி எல்லையோர ரெட்டிச்சாவடி தாண்டினால் என்னென்ன கடைகள் வருமென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை கிடைக்கவில்லை.

'டு டிரிங்க்' என்பதை 'டிரிங்கிங்' என்று மாற்றியிருந்தால் போதும். இப்படி வினையிலிருந்து பிறந்து, வினையாக நிற்காமல் வேறு வேலை பார்க்கும் சொற்களைத்தான் ஆங்கில இலக்கணத்தில் வெர்பல்ஸ் என்கிறார்கள். ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள், இன்ஃபினிட்டிவ் என்று மூன்று வகை. பெயரைக் கேட்டாலே பத்தாம் வகுப்பு வயிற்றுவலி திரும்ப வருகிறது என்பார்கள். ஆனால் நமக்கு இது புதுச் சரக்கில்லை. தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியில் படித்தோமே, ஏறக்குறைய அதுதான். ஏறக்குறைய என்பதைக் கவனியுங்கள். முக்கால்வாசி இடங்களில் தமிழ்க் காது கைகொடுக்கும். மீதி இடங்களில் காலை வாரிவிடும். எது எங்கே என்று தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது.

முதலில் முற்றைப் பிடியுங்கள்

ஒரு வாக்கியத்தில் வெர்பலைத் தேடுவதற்கு முன், வெர்பல் அல்லாததைக் கண்டுபிடியுங்கள். அதாவது வினைமுற்று. அதற்கு ஒரு சோதனை: காலத்தை மாற்றிப் பாருங்கள்.

'மை மதர் கோஸ் டு தி ஹார்பர் டு பை ஃபிஷ்.' இதையே நேற்று நடந்ததாகச் சொல்லுங்கள். 'மை மதர் வென்ட் டு தி ஹார்பர் டு பை ஃபிஷ்.' 'கோஸ்' என்பது 'வென்ட்' ஆயிற்று. 'டு பை' அசையவில்லை. நாளைக்கு என்று சொன்னாலும் அசையாது. தமிழில் சொன்னாலும் அதே கதை: அம்மா மீன் வாங்கப் போகிறாள், வாங்கப் போனாள், வாங்கப் போவாள். 'வாங்க' மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. வாக்கியத்தின் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறுவது முற்று, மாறாதது எச்சம்.

அந்த வாக்கியத்தில் இரண்டு 'டு' இருப்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது துறைமுகத்துக்கு என்பதில் வரும் 'கு'. இரண்டாவதுதான் வினையோடு ஒட்டிய 'டு'. இந்த இரட்டையர்கள் பின்னால் தொந்தரவு கொடுப்பார்கள்.

இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. 'ஷீ இஸ் பையிங் ஃபிஷ்' என்பதை நேற்றைக்கு மாற்றினால் 'ஷீ வாஸ் பையிங் ஃபிஷ்'. 'பையிங்' மாறவில்லையே, அப்படியானால் அது வெர்பலா? இல்லை. 'இஸ் பையிங்' இரண்டும் சேர்ந்துதான் முற்று. தமிழில் 'வாங்கிக்கொண்டிருக்கிறாள்' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். ஆனால் 'ஹெர் ஜாப் இஸ் செல்லிங் ஃபிஷ்' என்பது வேறு. அங்கே எழுவாய் வேலை. வேலை போய் மீன் விற்குமா? விற்காது. ஆகவே 'செல்லிங் ஃபிஷ்' என்பது மீன் விற்பது, தொழிற்பெயர், ஜெரண்ட். எழுவாயால் அந்தச் செயலைச் செய்ய முடியுமா என்று கேட்டாலே தெளிந்துவிடும். 'இங்' கண்ட இடமெல்லாம் வெர்பல் என்று அடிக்கோடு போடுகிறவர்கள் வங்கித் தேர்வில் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான்.

ஜெரண்ட்: சுலபமானது முதலில்

'நோ பார்க்கிங்' பலகை இல்லாத தெரு இல்லை. அந்தப் 'பார்க்கிங்'தான் ஜெரண்ட். நிறுத்துதல். ஒரு செயலுக்குப் பெயர்.

'ஈட்டிங் ஃப்ரெஷ் ஃபிஷ் இஸ் குட் ஃபார் யூ.' இதில் 'ஈட்டிங் ஃப்ரெஷ் ஃபிஷ்' என்ற மூட்டையை அப்படியே தூக்கிவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். 'இட் இஸ் குட் ஃபார் யூ.' பொருந்துகிறது. 'இட்' உட்கார முடிந்தால் அது பெயர்ச்சொல்லின் நாற்காலி. புது மீன் சாப்பிடுவது நல்லது என்று நாமும் 'சாப்பிடுவது' என்பதைப் பெயராக்கி, அதற்குள் 'மீன்' என்ற செயப்படுபொருளையும் வைத்துக்கொள்கிறோம். பெயராக மாறினாலும் பழைய வினைப்புத்தி போவதில்லை.

ஒரே எச்சரிக்கை: 'ஈட்டிங் மேங்கோஸ்' என்று பன்மையில் வந்தாலும் அடுத்தது 'இஸ்'தான், 'ஆர்' அல்ல. மாம்பழங்கள் எத்தனையானாலும் சாப்பிடும் செயல் ஒன்றுதான்.

'இன்', 'அட்', 'வித்தவுட்', 'இன்ஸ்டெட் ஆஃப்', 'ஆஃப்டர்' போன்ற முன்னிடைச் சொற்களுக்கு, அதாவது பிரிப்பொசிஷன்களுக்கு, பிறகு வினை வந்தால் 'இங்' போடுங்கள். 'குட் அட் குக்கிங்', 'வித்தவுட் ஆஸ்கிங்'. யோசிக்கவே வேண்டாம்.

பார்ட்டிசிப்பிள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

'ரன்னிங் பஸ்ல ஏறாதடா' என்று அம்மாக்கள் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். ஓடுகிற பஸ். 'ரிட்டயர்டு வாத்தியார்', 'ஃபிரைடு ரைஸ்', 'அன்ரிசர்வ்டு பெட்டி' எல்லாமே பார்ட்டிசிப்பிள்கள்தான். அடுத்து வரும் பெயரை விவரிக்கின்றன. நம் பெயரெச்சத்தின் வேலை.

அப்படியானால் 'வெயிட்டிங் ரூம்'? ரூம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காத்திருப்பதற்கான ரூம். ஆகவே அது ஜெரண்ட். 'வாஷிங் மெஷின்', 'டைனிங் டேபிள்' எல்லாம் அதே இனம். காதுக்கும் வித்தியாசம் தெரியும்: 'வெயிட்டிங் ரூம்' என்னும்போது அழுத்தம் முதல் சொல்லில் விழும், 'ரன்னிங் பஸ்' என்னும்போது 'பஸ்'ஸும் அழுத்தம் பெறும்.

இனி தமிழ் காலை வாரும் முதல் இடம்.

'மீன் விற்ற அம்மா', 'அம்மா விற்ற மீன்'. இரண்டிலும் 'விற்ற' ஒன்றேதான். விற்றவளுக்கும் விற்கப்பட்டதற்கும் தமிழ் ஒரே பெயரெச்சத்தைத் தருகிறது. அது மட்டுமா? 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு பெயரெச்சம் ஆறு விதமான பெயர்களைக் கொள்ளும் என்கிறது. செய்தவன், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். சாப்பிட்ட ஆள், சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட வீடு, சாப்பிட்ட நாள், சாப்பிட்ட சோறு எல்லாம் நமக்குச் சரி.

ஆங்கிலப் பார்ட்டிசிப்பிளுக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. செய்கிறவருக்கு 'இங்', செய்யப்பட்டதற்கு 'எட்' அல்லது வினையின் மூன்றாம் வடிவம். 'தி வுமன் செல்லிங் ஃபிஷ்', 'தி ஃபிஷ் சோல்ட் பை தி வுமன்'. மற்ற நான்குக்கும் பார்ட்டிசிப்பிளே வேண்டாம். சாப்பிட்ட தட்டு என்று நினைத்து 'ஈட்டன் பிளேட்' என்றால், யாரோ தட்டையே கடித்துத் தின்றதாக ஆகிவிடும். 'தி பிளேட் ஐ ஏட் ஃப்ரம்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் படித்த பள்ளி என்பதை 'மை ஸ்டடீடு ஸ்கூல்' என்று விண்ணப்பத்தில் எழுதி வருகிறவர்கள் உண்டு. 'தி ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீடு' என்று மாற்றிக்கொடுப்பேன்.

'ஐ ஆம் போரிங்' என்ற பிரபலமான தவறும் இந்தக் குழப்பத்தின் பிள்ளைதான். வகுப்பு போர் அடித்தால் வகுப்பு 'போரிங்', நான் 'போர்டு'. 'ஐ ஆம் போரிங்' என்றால் என்னால் மற்றவர்களுக்குக் கொட்டாவி வருகிறது என்று ஒப்புக்கொள்வது. உணர்வைக் கிளப்புவது 'இங்', உணர்வைப் பெறுவது 'எட்'. 'இன்ட்ரஸ்டிங்', 'இன்ட்ரஸ்டட்', 'டயரிங்', 'டயர்டு'. எல்லாம் அதே கணக்கு.

சரி, 'ரிட்டயர்டு வாத்தியார்' என்பதில் ஓய்வுபெற்றது வாத்தியார்தானே, அப்புறம் ஏன் 'எட்'? நல்ல கேள்வி. ஓய்வுபெறு, விழு, வாடு மாதிரி செயப்படுபொருள் வேண்டாத சில வினைகளில் 'எட்' வடிவம் முடிந்துபோனதைக் காட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அவை 'ஃபாலன் ட்ரீஸ்', விழுந்த மரங்கள். 'ஃபாலிங் ட்ரீ' என்றால் விழுந்துகொண்டிருக்கிற மரம். முதலாவதைத் தாண்டிப் போகலாம். இரண்டாவதைக் கண்டால் ஓட வேண்டும். 'பாயிலிங் வாட்டர்', 'பாயில்ட் வாட்டர்' என்பதும் இப்படித்தான். மஞ்சள் காமாலை வந்தவருக்கு டாக்டர் குடிக்கச் சொல்வது இரண்டாவதை.

இன்ஃபினிட்டிவ்: 'பார்க்க' என்றால் 'டு சீ'

'உன்னைப் பார்க்க வந்தேன்.' 'ஐ கேம் டு சீ யூ.' அச்சு அசல் பொருத்தம். ஆனால் நம்மில் பலர் 'ஐ கேம் ஃபார் சீயிங் யூ' என்கிறோம். மனதுக்குள் 'பார்ப்பதற்காக' என்று ஓடுகிறது. அந்த 'ஆக' வெளியே 'ஃபார்' ஆகிவிடுகிறது. ஒரு ஆள் எதற்காக வந்தார், போனார், செய்தார் என்று சொல்ல 'டு' மட்டும் போதும். 'ஃபார்' போட்டு 'இங்' வைப்பது, பொருளின் பயனைச் சொல்ல. 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்' சரி. கத்தியின் உபயோகம் அது.

'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' இவற்றுக்குப் பின்னாலும், 'லெட்', 'மேக்' இவற்றோடும் வரும்போது 'டு' உதிர்ந்துவிடும். 'லெட் மீ கோ'. 'லெட் மீ டு கோ' அல்ல. 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் இன்னொரு சொல்லைச் செருகலாமா கூடாதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. நான் அதைக் கண்டுகொள்வதில்லை. நீங்களும் இப்போதைக்கு விடுங்கள்.

எந்த வினைக்குப் பின் எது?

இதற்குத்தான் புத்தகங்களில் முழ நீளப் பட்டியல் இருக்கும். 'வான்ட்', 'ஹோப்', 'டிசைட்', 'பிளான்', 'பிராமிஸ்', 'ரெஃப்யூஸ்' இவற்றுக்குப் பின் 'டு'. 'என்ஜாய்', 'ஃபினிஷ்', 'அவாய்ட்', 'டினை', 'அட்மிட்', 'கீப்' இவற்றுக்குப் பின் 'இங்'. உற்றுப் பார்த்தால் ஒரு சாயல் தெரியும். இனி நடக்கப்போவதை நோக்கினால் பெரும்பாலும் 'டு'. நடந்ததையோ நடப்பதையோ நோக்கினால் 'இங்'. ஆனால் 'சஜஸ்ட்', 'போஸ்ட்போன்' இரண்டும் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டே 'இங்' கேட்கும். 'ஹி சஜஸ்டட் மீ டு கோ' என்பதை நம் அலுவலகங்களில் தினமும் கேட்கலாம். 'ஹி சஜஸ்டட் கோயிங்' என்பதுதான் சரி.

புதுச்சேரியில் பள்ளியில் பிரெஞ்சு படித்த பெண் ஒருத்தி வகுப்பில் கேட்டாள். "மிஸ், பிரெஞ்சில் 'ஜெம் நாஜே' என்றால் போதும். நீந்தப் பிடிக்கும் என்பதற்கு 'இங்' எல்லாம் இல்லையே." உண்மைதான். ஆங்கிலம் 'ஸ்விம்மிங்' என்று பெயராக்கும் பல இடங்களில் பிரெஞ்சு இன்ஃபினிட்டிவையே வைத்து ஓட்டிவிடும். அதனால் பிரெஞ்சிலிருந்து வருகிறவர்களும் 'ஐ என்ஜாய் டு ஸ்விம்' என்பார்கள். தமிழிலும் 'நீந்தப் பிடிக்கும்' என்பதில் வருவது 'நீந்த' என்ற வினையெச்சம்தான். 'லைக்' என்றால் இரண்டும் செல்லும். 'என்ஜாய்' என்றால் 'இங்' மட்டும். இதைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் இரண்டும் வரலாம், வந்தால் பொருள் மாறும் என்ற வினைகள் சில உண்டு. அங்கே தமிழ் மாதிரி துணை வேறில்லை.

கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். 'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்.' கதவு திறந்து கிடக்கிறது.

கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன். 'ஐ ஃபர்காட் லாக்கிங் தி டோர்.' கதவு பூட்டித்தான் இருக்கிறது, எனக்குத்தான் நினைவில்லை.

தமிழில் 'பூட்ட' வந்தால் 'டு', 'பூட்டியதை' வந்தால் 'இங்'. 'ரிமெம்பர்' இதே கணக்கு. 'ஸ்டாப்' கூட இதே: டீ குடிக்க நின்றேன், 'ஸ்டாப்டு டு டிரிங்க் டீ', டீ குடிப்பதை நிறுத்தினேன், 'ஸ்டாப்டு டிரிங்கிங் டீ'. வாய் திறக்கும் முன் அந்தப் பையன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கலாம்.

வேடம் போட்ட 'டு'

முன்னால் சொன்ன இரட்டையர்கள் இப்போது வருகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் கடைசி வரி பெரும்பாலும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்றே முடிகிறது. 'டு' வந்தால் 'இங்' சேராத மூல வினை என்று பழகிய கை அப்படித்தான் எழுதும். ஆனால் அந்த 'டு' முன்னிடைச் சொல். அதற்குப் பிறகு 'ஹியரிங்' வர வேண்டும்.

கண்டுபிடிக்க வழி: 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு பொங்கல்.' நன்றாக இருக்கிறது. அப்படியானால் வினை வரும்போது 'இங்'. 'ஐ வான்ட் டு பொங்கல்' என்று வைத்தால் பல் இளிக்கிறது, ஆகவே அங்கே மூல வினை. 'யூஸ்டு டு' இரண்டு விதமாக வரும். 'ஐ யூஸ்டு டு லிவ் இன் நெய்வேலி' என்றால் முன்பு நெய்வேலியில் இருந்தேன். 'ஐ ஆம் யூஸ்டு டு லிவிங் இன் நெய்வேலி' என்றால் நெய்வேலி வாழ்க்கை பழகிவிட்டது. நடுவில் ஓர் 'ஆம்' எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

அந்தரத்தில் தொங்கும் எச்சம்

'ரீச்சிங் சில்வர் பீச், தி சன் வாஸ் ரைசிங்.' நன்றாகப் படித்தவர்களும் எழுதும் வாக்கியம். இதை அப்படியே தமிழில் போடுங்கள்: சில்வர் பீச்சை அடைந்து சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. காதில் உறுத்துகிறதா? சூரியன் எந்த பஸ் பிடித்து, சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் வந்தது என்று கேட்கத் தோன்றும். 'அடைந்து' போன்ற எச்சத்தைச் செய்தவர்தான் முற்றையும் செய்ய வேண்டும் என்பது நன்னூல் விதி. ஆங்கிலப் பார்ட்டிசிப்பிளுக்கும் அதுவே சட்டம். 'ரீச்சிங் சில்வர் பீச், வீ சா தி சன் ரைசிங்' என்று எழுவாயை மாற்றுங்கள். இல்லையென்றால் 'வென் வீ ரீச்டு' என்று பிரித்து எழுதுங்கள். 'ஹேவிங்' வைத்துத் தொடங்கும் வாக்கியங்களையும் இப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்.

இதிலும் தமிழ் ஒரு சலுகை வைத்திருக்கிறது. 'மழை பெய்து ஏரி நிறைந்தது' என்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது ஏரி. ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதால் நம் காது விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ரெயினிங், தி லேக் ஃபில்டு' என்றால் ஏரியே பெய்ததாகிவிடும். 'தி லேக் ஃபில்டு பிகாஸ் இட் ரெயின்டு' என்றே எழுத வேண்டும்.

ஒரு வாக்கியம் பழகிப் பாருங்கள்

'ஹேவிங் சோல்ட் தி ஃபிஷ், ஷீ சாட் அண்டர் எ லீக்கிங் ரூஃப் டு கவுன்ட் தி மனி அண்ட் பிகேன் கம்ப்ளெயினிங்.'

காலத்தை மாற்றினால் எவை மாறும்? 'சாட்', 'பிகேன்' இரண்டு மட்டும். மீனை விற்றுவிட்டு அவள் உட்கார்ந்தாள். விற்றவளும் அவளே, ஆகவே 'ஹேவிங் சோல்ட்' தொங்கவில்லை. ஒழுகுகிற கூரை, பெயரெச்சம், 'லீக்கிங்' பார்ட்டிசிப்பிள். எண்ண உட்கார்ந்தாள், 'டு கவுன்ட்' இன்ஃபினிட்டிவ். கடைசியில் 'கம்ப்ளெயினிங்' ஜெரண்ட். அந்த இடத்தில் 'டு கம்ப்ளெயின்' வந்தாலும் தவறில்லை, ஏனென்றால் 'பிகின்' இரண்டையும் ஏற்கும்.

தினம் ஒரு செய்தியில் நான்கு வரி எடுத்து இப்படிப் பிரியுங்கள். கடலூர், புதுச்சேரி பஸ்ஸில் போய்வருகிறவராக இருந்தால் ஜன்னல் வழியே கடைப் பலகைகளையே படித்துக்கொண்டு வரலாம்; டைலரிங், பிரின்டிங், வெல்டிங் என்று அரியாங்குப்பம் வருவதற்குள் விரல் விட்டு எண்ண முடியாத அளவுக்கு ஜெரண்ட் சிக்கும்.

அந்தப் பையன் மூன்று மாதம் கழித்து இன்னொரு ஓட்டலுக்குப் போனான். அங்கேயும் அதே கேள்வி. 'ஐ டோன்ட் டிரிங்க், சார்' என்று சொன்னானாம். "மிஸ், அதுல வெர்பலே இல்ல" என்று வந்து என்னிடம் பெருமையடித்துக்கொண்டான்.